கீழே கிடந்தவளின் முழங்கை

தோற்றவள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஜெயித்தவளைத்தான் ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கொண்டுபோனார்கள். டெல்பினா அன்று குளித்துத் தலை வாரிக்கொண்டு, மலையூரான பாகியோவின் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். கடைக்காரர் சண்டையைப் பார்த்திருக்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, சாம்பியனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு என்று ஊற்றினார். தோற்றுவிட்டேன் என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அது மூன்று வருடத்துக்கு முன்பு. கூண்டுக்குள் நடக்கும் அந்தச் சண்டைகளில் மூன்று ரவுண்டு. மூன்று நடுவர்கள் கூண்டின் மூன்று பக்கங்களில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ரவுண்டும் முடிந்ததும் யாருக்குப் பத்து, யாருக்கு ஒன்பது என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்க முடியாது. முதல் ரவுண்டு டெல்பினாவுக்கு, இரண்டாவது எதிராளி ஜினாலினுக்கு. அதில் யாருக்கும் மறுப்பில்லை. மூன்றாவதில் ஜினாலின் அவளைக் கீழே தள்ளி மேலே ஏறிப் படுத்துக்கொண்டாள். படுத்ததோடு சரி. டெல்பினா கீழே கிடந்தபடியே முழங்கையால் அவள் நெற்றியில் குத்திக்கொண்டே இருந்தாள். ஜினாலினின் ரத்தம் டெல்பினாவின் வாயில் சொட்டியது. மணி அடித்தபோது ஜினாலினால் எழுந்திருக்க முடியவில்லை. டெல்பினாதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

விதி தெளிவாக இருக்கிறது. முதலில் அடி. யார் அடி யாரை அதிகம் சேதப்படுத்தியது என்று பார்க்க வேண்டும். அதில் இருவரும் சமம் என்றால்தான் யார் மேலே இருந்தார்கள் என்ற பேச்சே வரும். நடுவர்களில் ஒருவர் டெல்பினாவுக்கு எழுதினார், ஒருவர் ஜினாலினுக்கு. மூன்றாவது சீட்டு விர்ஜீலியோ சார்த்தே என்பவருடையது. எல்லோரும் அவரை சார் விர் என்பார்கள். அவர் ஜினாலினுக்கு எழுதினார்.

நீதான் ஜெயித்தாய் என்று எல்லோரும் சொன்னார்கள். கோச் அம்போ சொன்னார். ஜீப்னி வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண் சொன்னாள். மருத்துவமனையிலிருந்து ஜினாலினே, கட்டுப் போட்ட நெற்றியோடு, மனாங், நீங்கதான் என்று செய்தி அனுப்பினாள். அக்கா என்று கூப்பிட்டு அவள் அனுப்பிய அந்த வரிகூட டெல்பினாவுக்குள் இறங்கவில்லை. சொன்னவர்கள் யாரும் அந்தச் சீட்டை எழுதியவர்கள் இல்லை. எழுதின கை ஒன்றுதான். அந்தக் கைக்காரர் பிறகு ஒரு நாள், வேறொரு போட்டிக்கு எடை பார்க்கும் இடத்தில், அவள் தோளைத் தட்டி, நல்லா சண்டை போட்டேம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ‘நல்லா’ அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கோபம் என்றால் கொதிக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இது கொதிக்கவில்லை. பாகியோவின் காலைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. அதில் கை வைத்தால் தெளிவாக யோசிக்க முடிந்தது. சண்டை போடுவதை நிறுத்திவிட்டு நடுவர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். அவளை நேர்முகம் கண்ட மேசையில் சார் விரும் இருந்தார். உள்ளே நின்று அடி வாங்கியவர்கள் நாற்காலிக்கு வருவது நல்லது என்று அவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். ஊரில் பலர் அவளுக்குப் பெரிய மனசு என்றார்கள். கோச் அம்போ மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

“திருடன் வீட்டுலயே வேலைக்குச் சேர்ந்துட்டியா?” என்றார்.

“பூட்டு எங்க இருக்குன்னு தெரிய வேணாமா கோச்?” என்றாள் அவள்.

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அப்போது அவளிடம் திட்டம் எதுவும் இருக்கவில்லை. அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவர் தவறுவதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. அவர் தண்ணீர் குடிப்பதை, மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதை, பேனா மூடியைப் பல்லால் கடிப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். காதலிக்கிறவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று ஒருமுறை தோன்றியபோது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வழியை மிஸ் ஒலிவாதான் காட்டினார், தெரியாமலே. நடுவர்களுக்கு மேற்பார்வையாளர் அவர். ஒவ்வொரு போட்டிக்கும் மறுநாள் காலை நடுவர்களை உட்காரவைத்து வீடியோ போட்டுக் காட்டுவார். சண்டையின் முடிவை மாற்றக்கூடிய ரவுண்டில் ஒருவர் மட்டும் தனியாக வேறு மாதிரி எழுதியிருந்தால், அவர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். அப்படி அடிக்கடி தனியாக நிற்கிறவரை நாற்காலியிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

மூன்று சீட்டில் இரண்டு ஒரே மாதிரி இருந்தால் மூன்றாவது தனி. இவர்கள் மூன்று பேரும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள்: சார் விர், டெல்பினா, பேபி. பேபி என்ற பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல். குத்துச்சண்டைக் காலத்திலிருந்து நாற்காலியில் இருப்பவர். முன்னேறிப் போகிறவளுக்கு, மேலே இருக்கிறவளுக்கு எழுதுவார். வேறெதையும் பார்க்க மாட்டார். பக்கத்தில் வைத்திருக்கும் டிவியையும் பார்க்க மாட்டார், அதற்கு இன்னொரு கண்ணாடி மாட்ட வேண்டும் என்பார். பேபி என்ன எழுதப்போகிறார் என்பதை அவர் எழுதுவதற்கு முன்பே டெல்பினாவால் சொல்ல முடிந்தது. அதையே தானும் எழுதினால் போதும். சார் விர் தனியாகிவிடுவார்.

முதலில் பொய் எழுத வேண்டிய தேவையே வரவில்லை. சில ரவுண்டுகளில் அவர் உண்மையாகவே தவறினார். சில ரவுண்டுகள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது போல இருந்தன. அப்போது கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது பொய் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து நின்று காரணம் சொல்லும்போது அவள் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போன மழைக்காலம் முடியும்போது மிஸ் ஒலிவா அவரைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி ஆனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் காரணமில்லாமல் இரண்டு கிலோ ஸ்ட்ராபெர்ரி வாங்கினாள். ஒன்றுகூட இனிக்கவில்லை. ஆனாலும் தின்று தீர்த்தாள்.

பக்கத்து ஊரான லா திரினிதாத்தின் விளையாட்டு அரங்கில் நடந்த போட்டியில்தான் அந்த இன்னொரு முறை வந்தது. சிவப்பு மூலையில் செபு தீவிலிருந்து வந்த அமோர். நீல மூலையில் ரிசெல் டுக்யோன், உள்ளூர்க்காரி, முட்டைக்கோஸ் மூட்டை தூக்கித் தூக்கித் திரண்ட தோள்கள். ஆளுக்கொரு ரவுண்டு. மூன்றாவதில் அமோர் ரிசெலைக் கீழே தள்ளி மேலே ஏறினாள்.

ரிசெல் கீழே கிடந்தபடி முழங்கையைத் தூக்கினாள்.

டெல்பினாவின் நாற்காலிக்கு நேர் எதிரே நடந்தது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம், கைநீட்டினால் தொடலாம். முழங்கை அமோரின் புருவத்தில் விழுந்தது, மறுபடி விழுந்தது, மூன்றாவதில் புருவம் திறந்துகொண்டது. அமோர் ரிசெலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகராமல் கிடந்தாள், அடியைத் தவிர்க்கத்தான், ஜெயிக்க இல்லை. ரிசெலின் கன்னத்தில் அவளுடையதல்லாத ரத்தம் வழிந்தது. டெல்பினாவின் நாக்கில் உப்பும் இரும்புமாக அந்தச் சுவை வந்தது. எதிர்ப்பக்கம் சார் விர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து எட்டிப் பார்ப்பது தெரிந்தது. பேபியின் பக்கம் அமோரின் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

மணி அடித்தது. பேனா கையில் இருந்தது. அவர் நீலத்துக்கு எழுதுவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து, வேறொருத்திக்கு, சரியாக எழுதப்போகிறார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தவறாக எழுதியிருந்தால்கூட மன்னித்திருப்பாளோ என்னவோ. கற்றுக்கொண்டிருக்கிறார். என் நெஞ்சில் மிதித்து ஏறிக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். சிவப்பு பத்து, நீலம் ஒன்பது என்று எழுதிக் கொடுத்தாள்.

நடுவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மைக்கில் படித்தார்கள். அமோரின் கை தூக்கப்பட்டபோது ரிசெலின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எப்படி இறக்கிவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது. டெல்பினா அதைப் பார்க்கவில்லை. அவள் சார் விரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வீடியோ ஓடியது. மிஸ் ஒலிவா களைப்போடு சொன்னார்: “சார் விர், திரும்பவும் நீங்க மட்டும் தனியா.”

அவர் எழுந்தார். “மேல ஏறிப் படுத்தா மட்டும் போதாது மிஸ். கீழ கிடந்த பொண்ணு முழங்கையால புருவத்தைக் கிழிச்சிருக்கு. அடிதான் முதல்ல. யார் மேல, யார் கீழங்கிறதெல்லாம் அப்புறம்.”

“படுத்துக்கிட்டே ஜெயிக்கலாம்னா எங்க வீட்டுக்காரர் என்னிக்கோ சாம்பியன்” என்றார் பேபி. மிஸ் ஒலிவாவே சிரித்துவிட்டார்.

டெல்பினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, குளிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் மூன்று வருடமாக அவரிடம் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் இவை. அவர் வாயிலிருந்து, அவர் குரலில் வருகின்றன. அப்படியென்றால் இவருக்குத் தெரியும். எப்போதிருந்தோ தெரியும்.

வீடியோவில் ஒரு கேமரா பேபியின் பக்கத்திலிருந்து எடுத்தது. இன்னொன்றில் கூண்டுக்குள் நின்று சண்டையை நடத்துகிறவரின் முதுகு குறுக்கே நின்றது. புருவம் கிழிந்தது தெரிந்தது. எதனால் கிழிந்தது என்று தெரியவில்லை. மிஸ் ஒலிவா டெல்பினாவிடம் திரும்பி, உன் நாற்காலிக்கு முன்னால்தானே நடந்தது, உனக்கு என்ன தெரிந்தது என்று கேட்டார்.

“முழங்கை பட்டுச்சு மிஸ். ஆனா உறைக்கிற மாதிரி இல்ல. தலையும் தலையும் இடிச்சுத்தான் கிழிஞ்சிருக்கும். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது.”

சார் விர் அவளைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். மறுபடி கழற்றினார்.

“அப்படியும் இருக்கலாம்” என்றார் மெதுவாக.

அவரை நாற்காலியிலிருந்து இறக்குவதாக மிஸ் ஒலிவா சொன்னபோது அவர் தலையாட்டினார். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் இந்த வயதில் இறங்கியவர் திரும்ப ஏறியதில்லை.

மதியம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டது டெல்பினாதான். பார்க்க வேண்டும் என்று இருந்தது. செஷன் ரோடுக்குக் கீழே இறங்கும் படிக்கட்டு ஓரத்தில் ஒரு சிறிய கடை. வாட்டிய கோழியும் உப்புக்கண்டமும் போட்ட சாறு ஆவி பறக்க வந்தது. அவர் கரண்டியை எடுத்தார், வைத்தார். மகள் ரொம்ப நாளாகவே போதும் அப்பா என்று சொல்கிறாள் என்றார். கண் டாக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார், ஆனால் டாக்டருக்கு என்ன தெரியும் என்றார். கொஞ்சம் பொறுத்து, அந்த முழங்கை விழுந்ததை நான் பார்த்தேன், இந்தக் கண்ணால பார்த்தேன், நீயும் பேபியும் பார்க்கலன்னா நான் என்னத்தைத்தான் பார்த்தேன் என்று அவளிடம் இல்லாமல் சாற்றிடம் கேட்பது போலக் கேட்டார்.

டெல்பினா அவர் முகத்தைப் பருகிக்கொண்டிருந்தாள். அவள் விழுந்து கிடந்த அதே குழிக்குள் அவர் கிடந்தார். அதன் ஒவ்வொரு பக்கமும் அவளுக்குத் தெரியும். தான் பார்த்தது நடந்ததா, தான் செய்தது செய்ததா என்று தன்னையே சந்தேகிப்பது. அப்போது எழுந்து போயிருந்தால் அவர் காலமெல்லாம் அங்கேயே கிடந்திருப்பார்.

ஆனால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. செய்தது யார் என்று அவருக்குத் தெரியாவிட்டால் இது மழை பெய்த மாதிரி, வயதான மாதிரி ஏதோ ஒன்று. அவளுக்கு அது போதவில்லை.

“சார்” என்றாள். “தலை இடிக்கல. முழங்கைதான். நீங்க எழுதினதுதான் சரி. உங்களைவிட எனக்கு நல்லாவே தெரிஞ்சது.”

அவர் நிமிர்ந்தார். “தெரிஞ்சேதான் எழுதினியா?”

“தெரிஞ்சேதான்.”

“எதுக்கும்மா?”

“எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்.”

அவர் முகம் உடைவதற்காக அவள் காத்திருந்தாள். அது உடையவில்லை. தோள்கள் மெல்ல இறங்கின. வெளிறியிருந்த கன்னத்தில் நிறம் திரும்பியது. காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை விடுவது போல நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றார்.

சாற்றைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். சோற்றைப் பிசைந்து, எலும்பைக் கடித்து, பசியோடு சாப்பிட்டார். இதைக் கொண்டுபோய் ஒலிவாவிடம் சொல்லப்போவதில்லை என்றார். நாற்காலி போனால் போகட்டும், கண்தான் போய்விட்டதோ என்று பயந்தேன் என்றார்.

டெல்பினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. எழுதின கையே வந்து, நீதான் சரி என்று சொல்வது. அவள் மூன்று வருடமாகக் கேட்கக் காத்திருந்த ஒரே வாக்கியம். கத்தி என்று நினைத்து அவள் வீசியது அதைத்தான். அவருக்கு அது சாறு ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது.

“என் சண்டை?” என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. “ஜினாலினோட. மூணாவது ரவுண்டு. அப்புறம் வீடியோ பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டு?”

அவர் வாயைத் துடைத்தார். “நாற்காலியை விட்டு எழுந்தப்புறம் சீட்டைப் பத்திப் பேசுறது இல்லம்மா. ஒலிவா ரூமுக்குள்ள பேசலாம். வெளிய, சண்டை போட்டவங்ககிட்ட, பேசவே கூடாது. பேச ஆரம்பிச்சா ஒருத்தனும் நாற்காலியில உட்கார முடியாது. நான் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அது பழக்கம்.” கொஞ்சம் யோசித்து, கனிவாகவே, “உனக்கு அந்தப் பழக்கம் வரல” என்றார்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. வரும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிய மனிதர், போகும்போது பிடிக்காமல் ஏறினார்.

அவள் மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மன்னிப்பு, வருத்தம் எதுவும் அவளிடம் இல்லை. தேடிப் பார்த்தாள், இல்லை. இருந்தது அதே சில்லென்ற தண்ணீர்தான். தப்பாக எழுதியதைச் சண்டை போட்டவளிடமே போய்ச் சொல்வதை அவர் செய்ய மாட்டார், சாகும்வரை செய்ய மாட்டார். அதை அவள் செய்துகாட்டினால், அவருடைய அந்தப் பழக்கம் வெறும் கோழைத்தனம் என்று ஆகிவிடும். அவரைக் காயப்படுத்த அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. லா திரினிதாத் போகும் ஜீப்னியில் ஏறினாள்.

காய்கறி மண்டியில் லாரிகள் வரிசையாக நின்றன. ரிசெல் முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சண்டை போட்டவள் போலவே இல்லை. லாரி மேலிருந்த ஒருவன், முகம் மட்டும் ஜெயிச்சுட்டு வந்திருக்கு, கை என்னடி பண்ணிச்சு என்று கேலி செய்துகொண்டிருந்தான். டெல்பினா பக்கத்தில் போய் நின்றதும் அவன் வாயை மூடிக்கொண்டான்.

“நீங்க டெல்பினா வக்சால்” என்றாள் ரிசெல். மனாங் என்று சொல்லவில்லை. “மைக்ல படிச்சாங்களே.”

டெல்பினா சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மூன்றாவது ரவுண்டு உன்னுடையது. உன் முழங்கை விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அவளுக்கு எழுதினேன். இன்னொருவர் மேல் இருந்த கணக்குக்காக எழுதினேன்.

ரிசெல் கேட்டுக்கொண்டாள். குனிந்து ஒரு மூட்டையைத் தூக்கி லாரியில் வைத்தாள். திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கினாள். அந்த லாரி நிரம்பும்வரை டெல்பினாவை அங்கேயே நிற்கவைத்தாள். அவள் கண்ணில் நிம்மதி தெரிகிறதா என்று டெல்பினா தேடினாள். கடையில் சார் விரின் முகத்தில் வந்தது போல ஒன்று. வரவில்லை. அங்கே வேறொன்று இருந்தது. அது தனக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சில்லென்ற தண்ணீர்.

ரிசெல் கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு போனை எடுத்தாள்.

“இப்ப சொன்னதை மறுபடி சொல்லுங்க. பேர்லேர்ந்து.”

போனின் சிவப்புப் புள்ளி ஒளிர்ந்தது. நடுவர் லைசென்ஸ் போகும் என்பது டெல்பினாவை உறுத்தவில்லை. வேறொன்றுதான் உறுத்தியது. இது வெளியே போனால், அவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள். மாலை போட்டு உட்காரவைப்பார்கள். தனியாக நின்று சரியாக எழுதிய மனிதர் என்று எழுதுவார்கள். மூன்று வருடம் பொறுத்து அவள் பிடுங்கிய நாற்காலியை அவளே தூசி தட்டிக் கொடுத்தது போல ஆகும்.

லாரி மேலிருந்தவன் எட்டிப் பார்த்தான். பக்கத்து லாரிக்காரர்களும் வேலையை நிறுத்தியிருந்தார்கள்.

“டெல்பினா வக்சால்” என்று ஆரம்பித்தாள்.

ரிசெல் போனை அவள் முகத்துக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவந்தாள்.

“சத்தமா” என்றாள்.